பழுது பார்த்தவர்கள்

எங்கள் வீட்டில் ஒரு பழைய மர்பி ரேடியோ இருக்கிறது. என் தகப்பனார் வாங்கியது. அவர் காலமான பிறகு அதைத் திருகிப் பார்க்க யாருக்கும் பொழுதில்லாமல் போய், ஒரு நாள் நான் திருகியபோது அது பேச மறுத்துவிட்டது. சென்னையில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த இளைஞர் மரப்பெட்டியின் பின்பலகையைக்கூடக் கழற்றவில்லை. "வால்வு செட்டா? தூக்கிப் போடுங்க சார். இல்லேன்னா சும்மா அழகுக்கு வையுங்க" என்றார். அவர் மேல் குற்றமில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே வால்வுகளின் காலம் முடிந்துவிட்டது.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு நண்பர், "ஓசூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் கைவிட்டால் அப்புறம் தூக்கிப் போடு" என்றார். ரேடியோவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கிருஷ்ணகிரி தாண்டி மேட்டில் ஏறும்போதே காற்றின் குணம் மாறிவிடுகிறது. ஓசூர் நெருங்க நெருங்க இரு பக்கமும் தொழிற்சாலைகள். 1970-களுக்கு முன்னால் இது ராகி விளைகிற வறண்ட தாலுகா என்று சொன்னால் இன்று ஒருவரும் நம்பமாட்டார்கள். இப்போது இங்கே லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள். தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் சொந்த ஓடுபாதையோடு ஒரு விமானக் கம்பெனியே இருக்கிறது. 1994-ல் அங்கிருந்து ஒரு சிறிய விமானம் கட்டப்பட்டுப் பறந்தது. 2010-ல் ஆளில்லா விமானமான 'ருஸ்தம்' ஒன்றும் அந்த ஓடுபாதையிலிருந்துதான் எழும்பிற்று.

நான் தேடிப் போன பெரியவருக்கு எழுபத்தைந்துக்கு மேல் வயதிருக்கும். சந்திரசூடேசுவரர் மலையடிவாரத்தில் சிறிய வீடு. மனைவியிடம் தெலுங்கிலும், தெருவில் போனவரிடம் கன்னடத்திலும், என்னிடம் தமிழிலும் பேசினார். எதிலும் தடுமாற்றம் இல்லை. ரேடியோவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பின்பலகையைக் கழற்றி, ஒரு பழைய வர்ணத் தூரிகையால் தூசியைத் தட்டி, வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துணியில் வரிசையாக வைத்தார்.

"வால்வு நல்லாயிருக்குது சார். கண்டென்ஸர்தான் காகிதம் ஊறிப்போயிருக்குது. நாலஞ்சு மாத்தணும். ரெண்டு மணி நேரம் ஆகும், உட்காருங்க."

அப்படிச் சொல்லிவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தார். பச்சை வர்ணம் பூசிய பெட்டி. அதன்மேல் அச்சுத் தகட்டால் வெள்ளையில் பொறித்த ஆங்கில எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. உள்ளே ஸ்குரூ டிரைவர்கள், மூக்குக் குறடுகள், கனமான ஒரு ஜோடி காதுக் குழாய்கள்.

"எங்கப்பாவோடது. அமெரிக்காக்காரன் சாமான். யுத்தம் முடிஞ்சப்புறம் டிஸ்போஸல்ல விலைக்கு வாங்கினாரு. பெங்களூர் ஏரோப்ளேன் பாக்டரியில ரேடியோ செக்ஷன்ல இருந்தாரு சார். லிபரேட்டர்ல எல்லாம் வேலை பார்த்திருக்காரு."

லிபரேட்டர் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த விமானங்களைப் பற்றி முன்பே கொஞ்சம் படித்திருக்கிறேன். படித்ததில் ஒரு குறை இருந்ததும் ஞாபகம் வந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

லிபரேட்டர் என்பது இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் கம்பெனி உருவாக்கிய கனரக குண்டு வீச்சு விமானம். அமெரிக்கர்கள் அதை பி-24 என்பார்கள். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 110 அடி. நான்கு என்ஜின்கள், ஒவ்வொன்றும் 1,200 குதிரைச் சக்தி. பதினெட்டாயிரத்துக்கு மேல் இதைச் செய்து குவித்தார்கள். அந்த யுத்தத்தில் எந்த அமெரிக்க ராணுவ விமானமும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்படவில்லை. அழகான விமானம் என்று அதை யாரும் சொன்னதில்லை. பருத்த உடம்பு, இரட்டை வால், வயிற்றில் குண்டுகளை வைக்கும் அறைக்குக் கடைத்தெரு ஷட்டர் மாதிரி சுருண்டு ஏறுகிற கதவு. ஆனால் நெடுந்தூரம் பறக்கும். இலங்கையில் மின்னேரியாவிலிருந்து கிளம்பி, வங்கக் கடலைத் தாண்டி, சிங்கப்பூர்த் துறைமுக வாயிலில் கண்ணி வெடிகளைப் போட்டுவிட்டுச் சுமார் இருபது மணி நேரத்துக்குப் பிறகு திரும்பி வந்த லிபரேட்டர்கள் உண்டு. நம் பரங்கிமலையிலும் 1944-45-ல் பிரிட்டிஷ் விமானப் படையின் 200-ஆம் ஸ்குவாட்ரன் இந்த விமானங்களை வைத்துக்கொண்டு ஜப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடிக் கடல்மேல் சுற்றியது. ஓசூருக்கு வடகிழக்கே கோலாரில் இதே விமானத்தை ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள். அக்காலத்து ஓசூர்க் குடியானவன் ஏர் பிடித்தபடி தலை நிமிர்ந்து பார்த்த விமானங்களில் லிபரேட்டரும் இருந்திருக்கும்.

1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. அதோடு லிபரேட்டர்களின் உபயோகமும் முடிந்தது. இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த பிரிட்டிஷ் லிபரேட்டர்கள் பலவும் கான்பூரில் சக்கேரி விமான தளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. அங்கே 322-ஆம் பராமரிப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பெயர்தான் பராமரிப்பு. நடந்தது வேறு. பறக்க முடியாதபடி அவற்றைச் சேதப்படுத்திவிட்டு, பிரிட்டிஷார் போய்விட்டார்கள். மழையும் வெயிலும் மிச்ச வேலையைப் பார்த்தன.

எப்படிச் சேதப்படுத்தினார்கள் என்பதைப் பல விதமாகச் சொல்கிறார்கள். புல்டோசர் விட்டு மோதினார்கள் என்பார் ஒருவர். என்ஜினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள் என்பார் மற்றொருவர். சம்மட்டியால் மீட்டர்களை உடைத்தார்கள் என்பார் இன்னொருவர். கதையின் முடிவு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: வெள்ளைக்காரன் வன்மத்தோடு உடைத்துப் போட்டான், நம்மவர்கள் ஒரு மந்திரம் போட்டாற்போல் அவற்றை எழுப்பிப் பறக்கவிட்டார்கள்.

கேட்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையின் இரண்டு பாதிகளுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் வன்மம். அந்த விமானங்கள் பிரிட்டனுக்குச் சொந்தமானவையே அல்ல. 1941-ல் அமெரிக்கா இயற்றிய கடன்-குத்தகைச் சட்டத்தின்படி இரவல் வாங்கியவை. யுத்தம் முடிந்ததும் இரவல் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அல்லது டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்; இரண்டும் இல்லையென்றால் யாருக்கும் பயன்படாதபடி அழித்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான விமானங்களைக் கடல் கடந்து திரும்பப் பெற அமெரிக்காவுக்கு ஆசையில்லை; வாங்கிக்கொள்ள பிரிட்டனிடம் டாலர் இல்லை. ஆகவே உலகம் முழுவதும் புத்தம் புது விமானங்களை உடைத்தார்கள். கப்பலிலிருந்து கடலில் தள்ளினார்கள். கான்பூரில் நடந்தது ஒரு கணக்குப் பிள்ளையின் காரியம். அதில் கோபதாபம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. இரவல் நகையைத் திருப்பித் தர முடியாதபோது உருக்கிவிட்டாற்போல.

அடுத்தது மந்திரம். இதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிற பாதி. அது புகழ்ச்சியைப் போலத் தோன்றுகிறது. ஆனால் வேலை தெரிந்தவனைப் பார்த்து, "உனக்கு ஏதோ அருள் வந்துவிட்டது" என்று சொன்னால் அது அவனுக்கு மரியாதையா? அந்தப் பட்டறைக்காரர்களுக்கு அந்த வேலை எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் விடை இருக்கிறது.

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் என்ற குஜராத்தித் தொழிலதிபர் மைசூர் சமஸ்தானத்தின் கூட்டோடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கினார். திவான் சர் மிர்ஸா இஸ்மாயில் நிலமும் பணமும் கிடைக்கும்படி செய்தார். இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுவியவர் வில்லியம் பாலி என்ற அமெரிக்கர். 1941 ஆகஸ்டில் ஹார்லோ என்ற சிறு பயிற்சி விமானம் அங்கே கட்டப்பட்டுப் பறந்தது. ஆனால் ஜப்பான் யுத்தத்தில் குதித்ததும் புது விமானம் செய்ய அவகாசமில்லாமல் போயிற்று. இருப்பதைப் பழுது பார்ப்பதே அவசரமாயிற்று. 1942-ல் சர்க்கார் கம்பெனியின் நிர்வாகத்தை ஏற்றது. 1943-ல் அது அமெரிக்க ராணுவ விமானப் படையின் கைக்குப் போய் 84-ஆம் ஏர் டெப்போ என்ற பெயர் பெற்றது.

இரண்டு வருஷத்துக்கு மேல் அது ஒரு பெரிய விமான ஆஸ்பத்திரியாக இருந்தது. பர்மாப் போர்முனையிலும், இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குப் போகும் பாதையிலும் அடிபட்ட விமானங்கள் அங்கே வந்து சேர்ந்தன. கேட்டலினா என்ற நீரில் இறங்கும் விமானங்கள் பக்கத்திலிருந்த பெள்ளந்தூர் ஏரியில் இறங்கிப் பட்டறைக்கு ஏறும். டகோட்டா வந்தது, மிட்செல் வந்தது. லிபரேட்டரும் வந்தது. மைசூர்க்காரர்களும் தமிழர்களும் தெலுங்கர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே அமெரிக்கச் சார்ஜண்டுகளின் பக்கத்தில் நின்று வேலை பழகினார்கள். ஸ்பானரின் அளவு, ரிவெட்டின் கணம், என்ஜின் உருளையில் எத்தனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் தேய்ந்தால் தூக்கி எறிய வேண்டும் என்ற கணக்கு எல்லாம் கைக்குள் இறங்கியது அப்போதுதான்.

"எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது சார்" என்றார் பெரியவர், ஈயப் பற்று வைத்துக்கொண்டே. "ஆனா வயரிங் படம் படிப்பாரு. அதுக்கு பாஷை கிடையாதேம்பாரு."

அக்காலத்தில் ஓசூருக்கு ரயில் கிடையாது. மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக வந்த சிறு பாதையையும் 1941-ல் மூடிவிட்டார்கள். அந்தத் தகப்பனார் வாரம் முழுவதும் அல்சூரில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து ஊர் வருவாராம். வந்ததும் கையைத்தான் முதலில் முகர்ந்து பார்ப்பார்களாம் குழந்தைகள். பெட்ரோலும் வார்னிஷும் கலந்த வாசனை.

ஆக, 1948-ல் கான்பூரில் கிடந்த லிபரேட்டர்கள் பெங்களூர்க் கைகளுக்கு அந்நியமான வஸ்துக்கள் அல்ல. மூன்று வருஷத்துக்கு முன்னால் கழற்றி மாட்டிய அதே உடம்புதான்.

அந்த வருஷத்து நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. புதிய இந்தியாவின் விமானப் படையிடம் கனரக குண்டு வீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. டகோட்டா என்ற சரக்கு விமானத்தின் பக்கக் கதவு வழியாகக் குண்டுகளை உருட்டித் தள்ளி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். புது விமானம் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். கான்பூரிலோ லிபரேட்டர்கள் நிற்கின்றன, புல் முளைத்து. எச்.ஏ.எல். அந்த வேலையை ஏற்றுக்கொண்டது.

ஆனால் பட்டறை பெங்களூரில்; விமானங்கள் கான்பூரில். நடுவே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். 110 அடி இறக்கையை ரயிலில் ஏற்ற முடியாது. ஒரே வழி, அங்கேயே ஒட்டுப்போட்டு, எப்படியாவது ஒரு தடவை பறக்கச் செய்து பெங்களூர் கொண்டுவருவது. உடைந்த விமானத்தின் நல்ல உறுப்பை எடுத்து அடுத்ததற்குப் பொருத்தினார்கள். நாலுக்கு இரண்டு, பத்துக்கு ஐந்து என்று தேறியவற்றை ஓட்டி வந்தவர் எச்.ஏ.எல்.லின் சோதனை பைலட் ஜாம்ஷெட் கைகோபாத் முன்ஷி. முழுப் பரிசோதனை நடக்காத நாலு என்ஜின் விமானத்தில் ஏறி, விந்தியத்தையும் தக்கணத்தையும் தாண்டி, பெங்களூரில் இறக்கிவிட்டு மறுபடியும் கான்பூர் போவார், அடுத்ததை ஓட்டி வர. ஒரு தடவை செய்தால் துணிச்சல் எனலாம். அவர் அதை உத்தியோகமாகவே செய்தார்.

பெங்களூர் வந்த பிறகுதான் உண்மையான வைத்தியம். ஒரு என்ஜினுக்குப் பதினான்கு சிலிண்டர். நாலு என்ஜினுக்கு ஐம்பத்தாறு. சிலிண்டருக்கு இரண்டு பிளக் வீதம் ஒரு விமானத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. அத்தனையையும் கழற்றி, கழுவி, அளந்து, தேய்ந்ததை ஒதுக்கி மாட்ட வேண்டும். இறக்கைக்குள்ளே பெட்ரோலைத் தாங்குகிற ரப்பர்ப் பைகள் இருக்கும். குண்டு துளைத்தால் தானாகவே மூடிக்கொள்ளும் ரப்பர். மூன்று வெயிலில் அது வெடித்துப்போயிருக்கும். சக்கரத்தை மடக்கவும், குண்டுக் கதவைச் சுருட்டவும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் குழாய்கள் விமானம் முழுவதும் ஓடுகின்றன. ஓரிடத்தில் கசிந்தாலும் இறங்கும்போது சக்கரம் வராது. இவற்றில் ஒன்றையும் மந்திரத்தால் செய்ய முடியாது. பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்துத்தான் செய்ய முடியும்.

அப்படிச் செய்தார்கள். 1948 நவம்பர் 2-ந் தேதி கான்பூரில் இந்திய விமானப் படையின் ஐந்தாம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு துவக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் கனரக குண்டு வீச்சுப் படை அது. மொத்தத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட லிபரேட்டர்கள் உயிர் பெற்றன. அந்த நவம்பரில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் யார் என்பதை ஓசூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிதான். அதே தாலுகாவிலிருந்து போன ஒரு பெயர் தெரியாத மனிதர் பெங்களூரில் காதுக் குழாயை மாட்டிக்கொண்டு அந்த விமானங்களின் ரேடியோவைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ என்றேன். அதற்கு ஒரு தம்பி உண்டு. அவனையும் சொல்லாமல் விட்டால் லிபரேட்டரின் கதை பாதிதான். பெயர் ரேடார்.

சந்திரசூடேசுவரர் மலையைப் பார்த்து உரக்கக் கூவினால் குரல் திரும்பி வரும். எத்தனை நேரம் கழித்து வருகிறது என்று எண்ணினால் மலை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். குரலுக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்பினால் அது ரேடார். ஆனால் ஒலி ஒரு விநாடியில் மூன்றில் ஒரு கிலோமீட்டர் போகிறது; ரேடியோ அலை மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. முப்பது கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் கப்பலில் பட்டுத் திரும்ப அதற்கு ஒரு விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு போதும். அந்த இம்மியை அளக்கத்தான் அத்தனை வால்வுகளும் பெட்டிகளும்.

முதலில் செய்த ரேடார்களின் அலை நீளமாக இருந்ததால் சிறு பொருள் கண்ணுக்குப் படாது. 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ராண்டால், பூட் என்ற இருவர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு செம்பு உருளையில் துளைகள் போட்டு, சில அங்குல அலைகளை மகா வலுவோடு உண்டாக்கிக் காட்டினார்கள். மாக்னட்ரான் என்று அதற்குப் பெயர். அதே வருஷம் அதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். அதற்கப்புறம் விமானத்திலிருந்தே கடலில் தலை நீட்டுகிற நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கலாம் என்றாயிற்று. 1943-ல் அட்லாண்டிக் நடுக்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் விமானத்துக்கு எட்டாமல் ஒளிந்திருந்த பரப்பை மூடியதில், நெடுந்தூரம் பறக்கும் லிபரேட்டருக்கும் அதன் ரேடாருக்கும் பெரிய பங்குண்டு.

கடலைக் காக்கும் லிபரேட்டர்களில் வயிற்றுப் பக்கம், துப்பாக்கிக்காரன் உட்காரும் உருண்டைக் கூண்டுக்குப் பதிலாக ஒரு குவிந்த கூடு இருக்கும். பறக்கும்போது அதைக் கீழே இறக்குவார்கள். தரை இறங்குமுன் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அதற்குள் ஒரு தட்டு சுழன்றுகொண்டே அலைகளை வீசும். உள்ளே இருட்டில் ஒருவர் வட்டக் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1951-ல் புனேயில் நம் ஆறாம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு மறுபடி அமைக்கப்பட்டபோது அதற்குக் கடற்காவல் வேலை தரப்பட்டது. அதன் விமானங்களில் ஏ.எஸ்.வி.-15 என்ற ரேடார் பொருத்தப்பட்டது. ஆமை வேகத்தில் பல மணி நேரம் அரபிக் கடலின் மேல் சுற்றி வருவதற்கு லிபரேட்டரைவிட ஏற்ற வாகனம் அப்போது நம்மிடம் இல்லை.

இந்த ரேடார்ப் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என்ஜின் வேலையைவிட நுணுக்கமானது. என்ஜினில் எண்ணெய் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். ரேடாரில் எதுவும் ஒழுகாது, வெறுமனே பேசாமலிருக்கும். நம் நாட்டுப் புழுக்கத்தில் கம்பியின் மேலுறையில் பூஞ்சை பிடிக்கும். காகிதக் கண்டென்ஸர் ஈரம் குடிக்கும். அதனால்தான் யுத்த காலத்திலேயே கிழக்கு நாடுகளுக்கு அனுப்பும் கருவிகளுக்கு உள்ளேயெல்லாம் வார்னிஷ் பூசினார்கள். அந்தக் குழந்தைகள் தகப்பனார் கையில் முகர்ந்த வாசனை இதுவாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று. ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற பெட்டி அது. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்ஸர் கடிக்கும்.

"ஒரு கையைப் பையில போட்டுக்கிட்டுத்தான் வேலை பாக்கணும்பாரு எங்கப்பா" என்றார் பெரியவர். அப்போதுதான் கவனித்தேன். என் மர்பி ரேடியோவுக்குள் ஸ்குரூ டிரைவரை நீட்டியபோது அவருடைய இடது கை சட்டைப் பைக்குள் இருந்தது. இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் மார்பு வழியாகப் பாயும்; ஒரு கை வெளியே இருந்தால் பிழைக்கலாம். புத்தகத்தில் படித்த வித்தை அல்ல அது. தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது.

ஐந்தாம் ஸ்குவாட்ரனுக்கு 1957-ல் கான்பரா என்ற ஜெட் விமானங்கள் வந்தன. ஆறாம் ஸ்குவாட்ரனில் லிபரேட்டர் தொடர்ந்தது. 1968 டிசம்பர் 31-ந் தேதி அவை ஓய்வு பெற்றன. செய்தவர்களும், இரவல் வாங்கியவர்களும் மறந்துபோன பின்னும் லிபரேட்டரை ராணுவத்தில் கடைசி வரை ஓட்டிய தேசம் இந்தியா. மூன்று வருஷ உபயோகத்துக்குப் பின் உதவாது என்று தள்ளப்பட்டவை, அதற்கப்புறம் இருபது வருஷம் உழைத்தன.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உலகத்தின் மியூசியங்களுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. பதினெட்டாயிரத்துக்கு மேல் செய்த விமானத்தில் தங்களிடம் ஒன்றுகூட உருப்படியாக இல்லையே! இந்தியாவிடம் கேட்டார்கள். 1968-ல் ஒன்று கனடாவுக்குப் போயிற்று. அதற்குப் பண்டமாற்றாக அவர்கள் கொடுத்த லைசாண்டர் என்ற பழைய விமானம் டில்லி பாலம் மியூசியத்துக்கு வந்தது. 1969-ல் ஒன்று அமெரிக்காவில் அரிசோனாவுக்கு. 1974-ல் ஒன்று இங்கிலாந்துக்கு. மூன்றும் கப்பலில் போகவில்லை, பறந்தே போயின. கான்பூரில் அடித்துப் போட்ட விமானங்கள், இருபது வருஷ வேலைக்குப் பிறகு, கண்டங்களைத் தாண்டிப் பறந்து போயின. பெங்களூர்ப் பட்டறையின் வேலைக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட்டை எந்த வைஸ்ராயும் கொடுத்திருக்க முடியாது. இன்று உலகில் முழு உருவோடு மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்கள் ஒரு டஜன் சுமார். அவற்றில் ஏறத்தாழப் பாதி, நம் விமானப் படையில் இருந்தவை.

இன்னொரு விமானத்தின் கதையும் உண்டு. அது அவ்வளவு கௌரவமானதல்ல. 1944-ல் டெக்ஸாஸில் பிறந்து, கான்பூரில் செத்து, பெங்களூரில் பிழைத்த ஒன்று, ஓய்வுக்குப் பின் பெங்களூரிலேயே கேட்பாரற்று நின்றது. பதின்மூன்று வருஷம். 1981-ல் ஒரு ஆங்கிலேயச் சேகரிப்பாளர் அதை விலைக்கு வாங்கி, உறுப்பு உறுப்பாகப் பிரித்து எடுத்துப் போனார். 1984-ல் அமெரிக்காவின் காலிங்ஸ் பவுண்டேஷன் அவரிடமிருந்து வாங்கி, ஐந்து வருஷம் புதுப்பித்து, 1989-ல் பறக்கவிட்டது. அப்புறம் பல வருஷங்கள் அது ஊர் ஊராகப் பறந்தது. அமெரிக்கக் கிழவர்கள் கண்ணீரோடு தொட்டுப் பார்த்தார்கள். கான்பூரில் வெள்ளைக்காரன் கைவிட்டதைச் சொல்லும்போது நமக்குக் குரல் உயர்கிறது. பெங்களூரில் நாம் கைவிட்டதையும் அதே குரலில் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் என் மனசில் உறுத்துவது அந்த அலுமினிய உடம்பு அல்ல. விமானத்தை ஓட்டி வந்தவர் பெயர் இருக்கிறது. கம்பெனி தொடங்கியவர் பெயர் இருக்கிறது. ஸ்குவாட்ரனின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. 1951-ல் அதே பட்டறையில் டாக்டர் காட்கே வரைந்த எச்.டி.-2 பயிற்சி விமானம் பறந்தது. 1961-ல் கர்ட் டாங்க் வரைந்த மாருத் ஜெட் பறந்தது. வரைந்தவர்கள் பெயரைப் பாடப்புத்தகத்தில் போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் புது விமானங்களுக்கு ரிவெட் அடித்தது லிபரேட்டரில் பழகிய பட்டறை. புதிதாகச் செய்தவனைச் சிருஷ்டிகர்த்தா என்கிறோம். பழுது பார்த்தவனுக்கு நம் பாஷையில் பெரிய பெயர் ஒன்றும் இல்லை. ஒட்டுப்போடுகிறவன் என்போம், அவ்வளவுதான். பிறகு அவன் சாதித்தது கண்ணெதிரே நிற்கும்போது, அது ஏதோ மந்திரம் என்று சொல்லிச் சமாளிக்கிறோம்.

இரண்டு மணி நேரம் என்று சொன்ன வேலை நாலு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் சுவிட்சைப் போட்டார். டயலுக்குப் பின்னால் விளக்கு மஞ்சளாக எரிந்தது. வால்வுகள் சூடேறும் வரை ஒரு மௌனம். பிறகு லேசான இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு கன்னடக் குரல். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இருந்தாலும் தொண்டையை அடைத்தது.

"நீங்க எழுதறவங்கன்னு சொன்னீங்களே சார்" என்று தயங்கினார் பெரியவர். "அந்த ஏரோப்ளேன் பத்தின புஸ்தகம் எதிலயாச்சும் எங்கப்பா பேரு இருக்குதா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் கட்டுரையில் போட்டுவிடுகிறேன், பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ஸ்குரூ டிரைவர்களைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பச்சைப் பெட்டியில் அடுக்கினார்.

"வேணாம் சார். அந்த ரூம்ல நாலு பேரு இருந்தாங்க. ஒருத்தர் பேரைப் போட்டா நல்லாயிருக்காது. பெங்களூர் பட்டறை ஆளுங்கன்னு போடுங்க, போதும்."

போட்டுவிட்டேன்.